இரண்டாவது விடை இருக்கிறதா?

நான்கெழுத்துச் சொல். முதல் எழுத்து போனால் கை. என்ன சொல்?

ஒரு குழுவில் இந்தப் புதிரைப் போட்டவர் மனதில் இருந்தது சிகரம். சி போனால் கரம், கரம் என்றால் கை. சரிதான். ஆனால் நகரமும் சரி, தகரமும் சரி, மகரமும் சரி. இலக்கணம் படித்தவர் யாராவது குழுவில் இருந்தால் அகரம், இகரம், உகரம் என்று அடுக்கிக்கொண்டே போவார். அவரையும் தப்பு என்று சொல்ல முடியாது.

இப்போது அதே புதிரில் இன்னொரு வரி சேருங்கள்: "இரண்டாம் எழுத்து போனால் தலை." சிகரம் சிரம் ஆகிறது. நகரம் 'நரம்' ஆகிப் பொருளில்லாமல் போகிறது, தகரம் தரமாகிறது, மகரம் மரமாகிறது. ஒரே விடைதான் நிற்கிறது. அதோடு ஒரு லாபமும் உண்டு. தலை என்ற இடத்தில் மரம் என்று போட்டால் மகரம், தரம் என்று போட்டால் தகரம், தச்சர் கையில் இருக்கும் கருவி என்று போட்டால் அகரம் (அரம்), பயிருக்குப் போடுவது என்றால் உகரம் (உரம்). ஒரே சட்டத்தில் ஐந்து நாளைக்குப் புதிர் கிடைத்துவிட்டது.

தினமும் சொல்லில் ஒன்று, எண்ணில் ஒன்று, பொது அறிவில் ஒன்று என்று போடுகிறவர்களுக்கு முக்கால்வாசி வேலை இதுதான். புதிரை யோசிப்பது சீக்கிரம் முடிந்துவிடும். அதற்கு இன்னொரு விடை ஒளிந்திருக்கிறதா என்று தேடுவதற்குத்தான் நேரம் ஆகும். கடினமான புதிரை யாரும் கோபித்துக்கொள்வதில்லை. சரியான விடையைச் சொல்லி 'தப்பு' என்று பதில் வாங்கியவர்தான் அடுத்த நாள் வருவதில்லை.

கலைந்த எழுத்துகள்

சொற்புதிர்களில் போடுவதற்குச் சுலபமானது எழுத்துகளைக் கலைத்துக் கொடுப்பது. கவனமில்லாமல் போட்டால் முதலில் சறுக்குவதும் இதில்தான். வா, ச, ல் என்ற மூன்று எழுத்தைக் கொடுத்தால் வாசலும் வரும், சவாலும் வரும். க, த, வு கொடுத்தால் கதவு, தகவு இரண்டும் அகராதியில் இருக்கின்றன. நான்கெழுத்தில் விடுகதையைக் கலைத்தால் 'கதை விடு' என்று வந்து நிற்கும். வேடிக்கைக்கு நன்றாக இருக்கும், போட்டிக்கு ஆகாது. மூன்றெழுத்துச் சொல்லுக்கு மொத்தம் 6 வரிசைதான் என்பதால் ஆறையும் எழுதிப் பார்த்துவிடலாம். ஐந்தெழுத்துக்கு 120, ஆறெழுத்துக்கு 720. எல்லாவற்றையும் எழுதிப் பார்க்க முடியாது, தேவையும் இல்லை. தமிழ் எழுத்துகள் எப்படி வேண்டுமானாலும் பக்கத்தில் உட்காருவதில்லை. அந்த ஒழுங்கு போடுகிறவருக்கும் உதவும், அவிழ்க்கிறவருக்கும் உதவும்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை இவ்வளவுதான். புள்ளி எழுத்தில் தமிழ்ச் சொல் தொடங்காது. ட, ண, ர, ல, ழ, ள, ற, ன வரிசைகளும் தொடக்கத்தில் வராது. க், ச், ட், த், ப், ற் ஆகிய வல்லின மெய்களில் சொல் முடியாது. சொல்லின் நடுவில் க், ச், த், ப் வந்தால் அடுத்து அதே வரிசைதான் வரும்: க்க, ச்ச, த்த, ப்ப. ட், ற் இரண்டும் கொஞ்சம் தாராளம். வெட்கம், மாட்சி, நட்பு, நிற்க, முயற்சி, கற்பனை என்று வேறு வல்லினத்தையும் சேர்த்துக்கொள்ளும். ங் இருந்தால் அடுத்தது அநேகமாக க வரிசை, ஞ் இருந்தால் ச வரிசை அல்லது ஞ வரிசை, ந் இருந்தால் த வரிசை அல்லது ந வரிசை. ர், ழ் இரட்டிக்காது.

ஒரு சொல்லை வைத்துப் பார்ப்போம். வ, து, ம், ரு, த், ம. ஆறு எழுத்து, 720 வரிசை. த் இருக்கிறது, த வரிசையில் துவைத் தவிர வேறு எழுத்து இல்லை. ஆகவே 'த்து' ஒரே துண்டு. ம் இருக்கிறது, ப வரிசை இல்லை, ஆகவே அதைக் கடைசியில் வைத்துப் பார்க்கலாம். மிச்சம் நகரக்கூடியவை ம, ரு, வ, த்து என்ற நான்கு துண்டுகள். ரு முதலில் வராது, த்து முதலில் வராது. முதலெழுத்து ம அல்லது வ. ஒவ்வொன்றுக்கும் மிச்சம் மூன்று துண்டை 6 விதமாக அடுக்கலாம். 720 என்பது 12 ஆகிவிட்டது. பன்னிரண்டையும் வாய்விட்டுப் படித்தால் மருத்துவம் தானாக வந்து விழும், வேறொன்றும் சொல்லாக நிற்காது. போடுவதற்கு முன் இந்த வடிகட்டலைத் தாளில் ஒரு முறை செய்துவிட்டால் இரண்டாவது விடை பற்றிய பயம் இல்லை.

ரயில், லாரி, டிக்கெட், பஸ் போன்ற சொற்கள் மேலே சொன்ன ஒழுங்கு எல்லாவற்றையும் உடைத்துவிடும். அவற்றைச் சேர்க்கலாமா கூடாதா என்பது அவரவர் விருப்பம். ஆனால் சேர்க்கிற நாளில் 'பிறமொழிச் சொல்' என்று ஒரு வார்த்தை எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் அவிழ்க்கிறவர் ர-வில் தொடங்கும் வரிசைகளைப் பார்க்கவே மாட்டார்.

எழுத்து என்றால் எது என்பதையும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். க ஒன்று, கா இன்னொன்று, க் இன்னொன்று; மொத்தம் 247, அதோடு ஜ, ஷ, ஸ, ஹ. க்ஷ, ஸ்ரீ இரண்டையும் ஒரு எழுத்தாக எண்ணுவதா என்பதில்தான் சண்டை வரும். எப்படி எண்ணினாலும் சரி, மாற்றக் கூடாது.

கணினியில் தயாரிக்கிறவர்களுக்கு இங்கே ஒரு குழி இருக்கிறது. மருத்துவம் ஆறெழுத்து. எக்ஸெலில் நீளம் கேட்டால் 10 என்று சொல்லும், ஏனென்றால் துணைக்கால், கொம்பு, புள்ளி எல்லாம் யூனிகோடில் தனிக் குறியீடுகள். அப்படியே கலைக்கச் சொன்னால் புள்ளி ஒரு பக்கம், உகரக் குறி ஒரு பக்கம் என்று சிதறி, நடுவில் வட்டம் வட்டமாகத் தெரியும். மெய்க்குப் பின் வரும் குறியை மெய்யோடு ஒட்டிய பிறகுதான் கலைக்க வேண்டும். அடுத்த குழி கொ, கோ, கௌ. இவற்றின் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், இரண்டு துண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒரே மாதிரி இருக்கும், நிரல் மட்டும் 'வேறு' என்று சொல்லும். சரியாகத் தட்டச்சு செய்தவரின் விடை நிராகரிக்கப்படுவதற்கு இது அடிக்கடி காரணமாகிறது. ஒப்பிடுவதற்கு முன் இரண்டு பக்கத்தையும் என்எஃப்சி (NFC, துண்டுகளை ஒரே குறியீடாகச் சேர்க்கும் யூனிகோடின் பொது வடிவம்) வடிவத்துக்கு மாற்றிவிட்டால் தீர்ந்தது. ஔ என்ற எழுத்துக்குப் பதில் ஒ, ள என்று இரண்டாகத் தட்டுகிறவர்களுக்கு மட்டும் தனியாக ஒரு வரி எழுத வேண்டியிருக்கும்.

ஏணியும் யூகமும்

சொல் ஏணி என்பது ஒவ்வொரு படியிலும் ஒரே ஒரு எழுத்தை மாற்றி ஒரு சொல்லிலிருந்து இன்னொன்றுக்குப் போவது. ஆலிஸ் கதைகளை எழுதிய லூயிஸ் கரோல் 1877 இல் உண்டாக்கிய விளையாட்டு. தமிழில் உயிர்மெய்யை ஓரெழுத்தாகக் கொள்வதால் படிகள் கொஞ்சம் தாராளமாக அமையும். கல்லிலிருந்து தாய்க்குப் போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். போட்டவர் நினைத்த வழி கல், பல், பால், பாய், தாய். நான்கு மாற்றம். யாராவது கல், கால், காய், தாய் என்று மூன்றில் முடிப்பார். அதையும் மிஞ்சி ஒருவர் கல், தால், தாய் என்பார். தால் என்றால் நாக்கு, தாலாட்டில் இருக்கும் அதே தால். அகராதியில் இருக்கிறது, மறுக்க முடியாது. இரண்டு இடமும் வேறாக இருக்கும் சொற்களுக்கு இரண்டு மாற்றத்துக்குக் குறைவாக வழியே கிடையாது என்பதால் இதற்குமேல் இறங்கவும் முடியாது.

ஆகவே ஏணியில் 'விடை' என்று ஒரு வரிசையைக் கேட்காதீர்கள். 'மூன்று மாற்றத்திலோ அதற்குக் குறைவாகவோ' என்று எல்லையைக் கேளுங்கள். எந்தச் சொல் செல்லும் என்பதற்கு ஒரே ஒரு அகராதியைக் குறிப்பிட்டு அதையே கடைசிவரை பிடித்துக்கொள்ளுங்கள்.

யூகித்துக் கண்டுபிடிக்கும் சொல் விளையாட்டு 2021 இல் 'வேர்டில்' (Wordle) என்ற இணைய விளையாட்டு வந்த பிறகு எல்லா மொழியிலும் பரவியது. ஐந்தெழுத்து, ஆறு வாய்ப்பு. பச்சை என்றால் எழுத்தும் இடமும் சரி, மஞ்சள் என்றால் எழுத்து உண்டு, இடம் தப்பு. இதைக் குழுவில் கையால் நடத்துகிறவர்கள் தடுமாறும் இடம் ஒன்றே: யூகத்தில் ஓர் எழுத்து இரண்டு முறை வந்தால் என்ன நிறம்? விடை அகலம் என்று கொள்வோம், ஒருவர் கலகம் என்கிறார். முதல் சுற்றில் பச்சையை மட்டும் போடுங்கள்: ம். அந்த ம்-ஐ விடையிலிருந்து அடித்துவிடுங்கள். இரண்டாம் சுற்றில் இடமிருந்து வலமாக மிச்சத்தைப் பாருங்கள். முதல் க மஞ்சள், விடையில் இருந்த ஒரே க-வும் தீர்ந்தது. ல மஞ்சள். இரண்டாவது க சாம்பல், ஏனென்றால் கொடுக்க க மிச்சமில்லை. இரண்டு சுற்றையும் ஒரே சுற்றாகச் செய்தால் இரண்டு க-வும் மஞ்சளாகி, விடையில் இரண்டு க இருப்பதாக அவிழ்ப்பவர் நம்பிவிடுவார்.

தமிழுக்கு மூன்றாவதாக ஒரு நிறம் வேண்டும் என்பது என் கட்சி. விடையில் கா இருக்கும்போது யூகத்தில் கி வந்தால் அது முழுக்கத் தப்பும் இல்லை, சரியும் இல்லை. 'மெய் சரி, உயிர் வேறு' என்று சொல்ல ஒரு நீலம் இல்லாவிட்டால் 247 எழுத்துக் கடலில் ஆறு வாய்ப்பு போதாது. நீலம் கொடுக்க மனமில்லையென்றால் வாய்ப்பை எட்டாகவாவது உயர்த்துங்கள்.

குறுக்கெழுத்து பற்றி ஒரு பத்தி போதும், ஏனென்றால் அது தினமும் போடுகிற சரக்கு இல்லை. 1913 டிசம்பர் 21 அன்று நியூயார்க் வேர்ல்ட் இதழில் ஆர்தர் வின் முதலில் போட்டது வைர வடிவக் கட்டம். தமிழில் ஒரு கட்டத்துக்கு ஓர் உயிர்மெய் என்பதால் 7×7 கட்டமே தாராளம். மேலிருந்து கீழ்ச் சொல் எந்தக் கட்டத்தில் தொடங்குகிறதோ அங்கே குறுக்குச் சொல்லின் புள்ளி எழுத்து விழக் கூடாது. கட்டம் அடைபடாமல் நிற்பது பெரும்பாலும் இதனால்தான். குறுக்குச் சொற்களை முதலில் நிரப்பும்போதே புள்ளி எழுத்துகளுக்கு அடியில் கறுப்புக் கட்டம் வருமாறு வைத்துக்கொண்டால் பாதித் தலைவலி குறையும்.

எண்கள்

'அடுத்த எண் என்ன?' என்று கேட்கும் தொடர்கள் மேல் எனக்கு நம்பிக்கை குறைவு. 1, 2, 4, 8, 16 என்று கொடுத்து 32 எதிர்பார்ப்போம். ஒரு வட்டத்தின் மேல் புள்ளிகள் வைத்து, எல்லாப் புள்ளிகளையும் கோடுகளால் இணைத்தால் வட்டம் அதிகபட்சம் எத்தனை துண்டாகும் என்று எண்ணிப் பாருங்கள். ஒரு புள்ளிக்கு 1, இரண்டுக்கு 2, பிறகு 4, 8, 16. ஆறு புள்ளிக்கு 31. இதுவும் நியாயமான தொடர்தான். 2, 4, 8 என்று மூன்றை மட்டும் கொடுத்தால் நிலைமை இன்னும் மோசம்: இரட்டிப்பு என்றால் 16, வித்தியாசம் 2, 4, 6 என்று வளர்கிறது என்றால் 14.

போடத்தான் வேண்டுமென்றால் ஒரு கணக்கு வைத்துக்கொள்ளலாம். உங்கள் விதியில் நீங்களாகத் தேர்ந்தெடுக்கும் எண்கள் எத்தனையோ, அதைவிடக் குறைந்தது மூன்று உறுப்பு அதிகம் கொடுங்கள். கூட்டுத் தொடருக்குத் தொடக்கம், வித்தியாசம் என்று இரண்டு. ஆகவே ஐந்து உறுப்பு. இரண்டு தொடர்களை ஒன்றுவிட்டு ஒன்று பின்னியிருந்தால் நான்கு, ஆகவே ஏழு. நடுவில் ஓர் எண்ணை மறைத்துக் கேட்பது கடைசி எண்ணைக் கேட்பதைவிடப் பாதுகாப்பானது, விதி இரண்டு பக்கமும் கட்டப்பட்டிருக்கும்.

நான்கு எண்ணைக் கொடுத்து 24 வரவழைக்கச் சொல்வது தினப் புதிருக்கு அளவெடுத்துத் தைத்தது. ஒரு வரியில் எழுதலாம், விடையை யாரும் கணக்குப் போட்டுச் சரிபார்க்கலாம், எத்தனை வழியில் வந்தாலும் சண்டை இல்லை. விதியை மட்டும் முழுதாகச் சொல்ல வேண்டும்: நான்கும் ஒவ்வொரு முறை மட்டும், கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், அடைப்புக்குறி உண்டு, இரண்டு எண்ணை ஒட்டி 38 என்று ஆக்கக் கூடாது, இடையில் பின்னம் வரலாம். கடைசி விதிதான் கடினத்தைத் தீர்மானிக்கும். 4, 4, 10, 10 முழு எண்ணிலேயே முடியும்: 10×10 இல் 4 போனால் 96, அதை 4 ஆல் வகுத்தால் 24. 3, 3, 8, 8 அப்படி வராது. 8÷3 என்ற பின்னத்தை 3 இலிருந்து கழித்தால் மூன்றில் ஒன்று. 8 ஐ அதனால் வகுத்தால் 24. பின்னம் உண்டு என்று சொல்லாமல் இதைப் போட்டால் அது புதிர் அல்ல, ஏமாற்று. 1, 5, 5, 5 இதே ரகம்: 5×(5−1÷5).

8÷2(2+2) போன்றவை குழுக்களில் மணிக்கணக்கில் ஓடும். 16 என்பார்கள், 1 என்பார்கள். அங்கே அவிழ்க்க எதுவும் இல்லை, எழுதியவர் ஓர் அடைப்புக்குறியை விட்டுவிட்டார், அவ்வளவுதான். வகுத்தலுக்குப் பின் பெருக்கல் குறி இல்லாமல் அடைப்பு வந்தால் அந்தப் புதிரைப் போடாதீர்கள்.

எழுத்துக்கு இலக்கம் வைக்கும் கணக்குகள் தமிழில் இன்னும் அழகாக அமையும். ஒவ்வோர் எழுத்தும் ஓர் இலக்கம், வேறு எழுத்து என்றால் வேறு இலக்கம், முதலில் சுழி வராது. அலை + அலை = மலை. ஒன்றாமிடத்தில் லை-யை இரட்டித்தால் லை-யே வர வேண்டும் என்பதால் லை = 0. ம என்பது அ-வின் இரு மடங்கு. 10+10=20, 20+20=40, 30+30=60, 40+40=80 என்று நான்கு விடை. சரி, அலை + மலை = கலை என்று சேர்த்தால்? க என்பது மூன்று மடங்கு, அ-வுக்கு 1, 2, 3 மூன்றும் இன்னும் இடம் கொடுக்கும். மலை + கலை = சிலை என்று மூன்றாவதையும் சேருங்கள். சி ஐந்து மடங்கு. அ 2 ஆனால் சி 10 ஆகிவிடும், ஓரிலக்கத்துக்குள் அடங்காது. ஆகவே அ = 1. அலை 10, மலை 20, கலை 30, சிலை 50. ஒவ்வொரு வரியும் சில விடைகளை வெட்டிக்கொண்டே போய் ஒன்றில் நிற்பது கண்ணுக்குத் தெரிகிறது. எந்தப் புதிரையும் இப்படித்தான் இறுக்க வேண்டும்.

சுடோகுவில் இந்த வேலையைக் கையால் செய்யாதீர்கள். நிரம்பிய 9×9 கட்டங்கள் மொத்தம் 6,670,903,752,021,072,936,960. கொடுக்கும் எண்கள் 17 க்குக் குறைந்தால் ஒற்றை விடை சாத்தியமே இல்லை என்பது 2012 இல் கணினி கொண்டு நிறுவப்பட்டது. ஆனால் 17 கொடுத்தால் போதும் என்று அர்த்தமில்லை. 77 எண் கொடுத்தும் இரண்டு விடை வரலாம். முதல் வரிசையில் ஓரிடத்தில் 3, வேறு பெட்டியில் ஓரிடத்தில் 7. அவற்றுக்கு நேர் கீழே இரண்டாம் வரிசையில் 7, 3. இந்த நான்கையும் காலியாக விட்டால் 3 உம் 7 உம் இடம் மாறிக்கொள்ளலாம், எந்த விதியும் உடையாது. நான்கில் ஒன்றையாவது கொடுத்தே ஆக வேண்டும். அதேபோல 1 முதல் 9 வரை குறைந்தது எட்டு இலக்கங்களாவது கொடுத்தவற்றில் தென்பட வேண்டும். இரண்டு இலக்கம் எங்குமே இல்லையென்றால் அவை இரண்டும் ஒன்றுக்கொன்று மாறிவிடும். நிரல் எழுதுகிறவர்கள் நிரம்பிய கட்டத்திலிருந்து ஒவ்வொரு எண்ணாக எடுத்து, எடுத்த ஒவ்வொரு முறையும் இரண்டாவது விடை கிடைக்கிறதா என்று தேடச் சொல்ல வேண்டும். கிடைத்தால் எடுத்ததைத் திருப்பி வைத்துவிட்டு வேறொன்றை எடுக்க வேண்டியதுதான். சின்னப் பிள்ளைகளுக்கு 4×4 போதும். அதற்கு 288 கட்டங்களே உள்ளன, குறைந்தது 4 எண் கொடுக்க வேண்டும், தாளிலேயே சரிபார்த்துவிடலாம்.

இந்தியக் கணித ஆர்வலர் கப்ரேக்கர் கண்ட 6174 ஐ ஒரு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம். எல்லா இலக்கமும் ஒன்றாக இல்லாத நான்கிலக்க எண். இறங்குவரிசை எண்ணிலிருந்து ஏறுவரிசை எண்ணைக் கழித்து, வந்ததை மறுபடி அதே மாதிரி செய்ய வேண்டும். 3524: 5432−2345=3087, 8730−0378=8352, 8532−2358=6174. எந்த எண்ணில் தொடங்கினாலும் ஏழு படிக்குள் 6174 வந்துவிடும். வராதவர்களின் தாளை வாங்கிப் பார்த்தால் சுழியை விட்டிருப்பார்கள். 2111 இல் முதல் படியில் 999 வரும்; அதை 0999 என்று எழுதினால் 9990−0999=8991 என்று தொடரும். 999 ஆகவே வைத்தால் 999−999, சுழியில் போய் நின்றுவிடும்.

பொது அறிவு

இங்கே இரண்டாவது விடை கேள்வியின் வார்த்தையில் ஒளிந்திருக்கும். நிலவே இல்லாத கோள் எது? புதன் என்று எழுதி வைத்திருப்பீர்கள், வெள்ளிக்கும் நிலவு கிடையாது. உலகின் மிகப் பெரிய பாலைவனம்? சகாரா என்றால் அண்டார்டிகா வந்து நிற்கும். 'வெப்பப் பாலைவனம்' என்று ஒரு சொல் சேர்த்தால் சகாரா உறுதி. மிக உயரமான மலைக்கு எவரெஸ்ட், ஆனால் அது கடல் மட்டத்திலிருந்து. கடலடியில் இருக்கும் அடிவாரத்திலிருந்து அளந்தால் ஹவாயின் மௌனா கீ, 10,000 மீட்டருக்கு மேல். பூமியின் மையத்திலிருந்து அளந்தால் ஈக்வடாரின் சிம்போராசோ. 'மிக' என்று தொடங்கும் எந்தக் கேள்வியிலும் எதை, எங்கிருந்து, எந்த வகைக்குள் என்ற மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். டோக்கியோ ஒலிம்பிக் எந்த ஆண்டு நடந்தது என்று கேட்டால், 2020 என்ற பெயரில் 2021 இல் நடந்தது என்பதால் இரண்டு பேர் இரண்டு விடை சொல்வார்கள்.

காலமும் விடையை மாற்றும். சனிக்கு நிலவுகள் 2019 இல் 82, 2023 இல் 146, 2025 மார்ச்சில் 274. பழைய வினாத் தொகுப்பிலிருந்து எடுத்தால் மாட்டிக்கொள்வீர்கள். எவரெஸ்ட் 2020 டிசம்பர் முதல் 8,848.86 மீட்டர். கேள்விகளைச் சேமிக்கும்போதே மாறாதது, எப்போதாவது மாறுவது, அடிக்கடி மாறுவது என்று ஒரு குறி போட்டு வையுங்கள். முதல் வகையை எப்போதும் போடலாம். மற்ற இரண்டையும் போடும் அன்று காலையில் ஒரு முறை பார்த்துவிட்டு, கேள்வியிலேயே ஆண்டைச் சேர்த்துவிடுங்கள். எத்தனை நாடுகள் என்று கேட்பதைவிட ஐ.நா. உறுப்பு நாடுகள் எத்தனை என்று கேளுங்கள்; 2011 இல் தெற்கு சூடான் சேர்ந்ததிலிருந்து 193.

நான்கு ஆப்ஷன் கொடுத்தால் தப்பான மூன்றும் ஒரே இனமாக இருக்க வேண்டும். ஓர் ஆறு, ஒரு மலை, ஒரு ஏரி, ஒரு நகரம் என்று கொடுத்தால் கேள்வியின் வினைச்சொல்லே விடையைக் காட்டிவிடும். சரியானது மட்டும் நீளமாக இருப்பதும் அப்படித்தான். சந்தேகத்துக்கு இடமில்லாமல் எழுத வேண்டும் என்று சரியான விடையை மட்டும் இழுத்து எழுதிவிடுகிறோம். எண் விடைகளை ஏறுவரிசையில் வையுங்கள், சரியானது எப்போதும் நடுவில் விழாமல் பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலே பத்துக்குச் சராசரி இரண்டரை கிடைக்கும் என்பதால், ஆப்ஷன் இல்லாத கேள்விக்கு இரண்டு மதிப்பெண் வைப்பது நியாயம்.

போடும் நேரம்

நியூயார்க் டைம்ஸ் குறுக்கெழுத்து திங்களன்று எளிதாகத் தொடங்கிச் சனிக்கிழமை உச்சத்துக்குப் போகும். நல்ல ஏற்பாடு, அப்படியே எடுத்துக்கொள்ளலாம். சொல், எண், பொது அறிவு மூன்றும் சேர்ந்து வார நாளில் பத்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது. மூன்றையும் ஒரே நாளில் கடினமாக்காதீர்கள். எண் கடினம் என்றால் சொல் எளிது.

புதிரை எழுதிய அன்றே போடாமல் மறுநாள் எடுத்து, விடையைப் பார்க்காமல் நீங்களே அவிழ்த்துப் பாருங்கள். பிறகு இன்னொருவரிடம் கொடுங்கள். அவர் சொல்லும் விடையைவிட அவர் எங்கே தயங்கினார் என்பது முக்கியம். குறிப்பு மூன்று தயாராக இருக்கட்டும்: முதலில் இனம் (பறவை, கருவி, இடம்), அடுத்து ஓர் எழுத்து, கடைசியில் பாதி வழி. 24 புதிருக்கு 'இடையில் பின்னம் வரும்' என்பது இரண்டாம் குறிப்பு. முதல் குறிப்பாகக் கொடுத்தால் ஆட்டம் முடிந்தது.

குழுவில் முதல் ஆள் விடையை எழுதிவிட்டால் மற்றவர்களுக்கு ஒன்றும் மிஞ்சாது. சொல்லுக்கு இரண்டாம் எழுத்தை மட்டும், எண்ணுக்குக் கடைசியில் செய்த கணக்குக் குறியை மட்டும், பொது அறிவுக்கு விடையின் எழுத்து எண்ணிக்கையை மட்டும் எழுதச் சொல்லுங்கள். சரியா தப்பா என்று உங்களுக்குத் தெரிந்துவிடும், மற்றவர்களுக்குத் தெரியாது.

இவ்வளவு செய்தும் ஒரு நாள் யாராவது புதிய விடையோடு வருவார். அது உங்கள் வரிகளுக்குப் பொருந்துகிறதென்றால் முழு மதிப்பெண் கொடுங்கள், அன்றே கொடுங்கள். 'நான் நினைத்தது அது இல்லை' என்பது ஒரு காரணமே இல்லை. அந்தச் சொல்லைத் தனியாகக் குறித்து வைத்தால் அடுத்த மாதத்துப் புதிருக்கு ஆகும்.

ஒரு நாளைக்கு ஒரு தொகுப்பு, எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். சொல்: டி, க, ணா, ண் என்ற நான்கு எழுத்தை அடுக்கி, முகம் பார்க்கும் பொருளைக் கண்டுபிடிக்கவும். எண்: 3, 3, 7, 7 கொண்டு 24 (இடையில் பின்னம் வரலாம்). பொது அறிவு: சூரியனைச் சுற்றிவர எடுக்கும் காலத்தைவிடத் தன்னைத்தானே சுற்ற அதிக காலம் எடுக்கும் கோள் எது?

விடைகள்: கண்ணாடி. 7×(3+3÷7). வெள்ளி, தன்னைச் சுற்ற சுமார் 243 பூமி நாட்கள், சூரியனைச் சுற்ற சுமார் 225.